திறவாத கட்டம் யாருடையது?

மாதத்தின் கடைசி நாளில் சம்பளப் பட்டியலை நிரப்பி வங்கிக்கு அனுப்ப வேண்டிய ஒருவர், எக்செல் தாளின் ஒரு கட்டத்தில் திருத்தம் செய்ய முற்படுகிறார். எழுத்து விழவில்லை. மாற்ற முயலும் கட்டம் பாதுகாக்கப்பட்ட தாளில் உள்ளது என்னும் பொருள்பட ஓர் ஆங்கில அறிவிப்பு திரையின் நடுவே வந்து நிற்கிறது. அதன்பின் நிகழ்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கிளைக்குத் தொலைபேசியில் அழைத்து, படிவம் பழுதாகிவிட்டது என்று முறையிடுவது ஒன்று. உள்ளதையெல்லாம் நகலெடுத்துப் புதிய தாளில் ஒட்டி, அதில் விரும்பியவாறு திருத்தி அனுப்பிவிடுவது மற்றொன்று. முன்னது நேரத்தை விழுங்குகிறது. பின்னதோ சில வேளைகளில் பணத்தையே விழுங்கிவிடுகிறது.

பூட்டிய கட்டத்தைக் கண்டு சினம் கொள்வது இயல்பே. ஆயினும் அந்தப் பூட்டை யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காக, அல்லது காரணமே இன்றி மறதியால், அங்கே இட்டிருக்கிறார். அவர் யார், காரணம் யாது என்று அறிந்த பிறகே அதைத் திறப்பதா, சுற்றிச் செல்வதா, விட்டுவிடுவதா என முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அவ்வாறு அறிந்துகொள்ள வழியே வைக்காமல் பூட்டிவிட்டுப் போகும் அலுவலகங்கள், வங்கிகள் உட்பட, வாடிக்கையாளருக்குத் தீங்கு செய்கின்றன என்பதும் என் கருத்தே. வங்கியின் இதழில் வங்கிகளையும் சேர்த்துக் குறை கூறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நிரப்புபவருக்கும் நிரப்பச் சொல்பவருக்கும் சமமாகப் பங்குள்ள சிக்கலில் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது முறையன்று.

விரிதாள் என்னும் கருவி, டான் பிரிக்லின், பாப் பிராங்ஸ்டன் ஆகிய இருவர் உருவாக்கிய விசிகால்க் மென்பொருளின் வழியே 1979-ஆம் ஆண்டில் தனிக்கணினியை வந்தடைந்தது. ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த கட்டங்கள் எல்லாம் தாமே மாறிக்கொள்ளும் என்பது அதன் பெருமை. அதன் ஆபத்தும் அங்கேயே இருந்தது. சூத்திரம் உள்ள கட்டத்தின்மீது தவறுதலாக ஓர் எண்ணைத் தட்டிவிட்டால் சூத்திரம் அழிந்து எண் மட்டும் நிலைத்துவிடும். பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. அடுத்த மாதம் வட்டி விகிதம் மாறும்போது மற்றக் கட்டங்கள் மாறும். அந்த ஒன்று மட்டும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும். இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே கட்டத்துக்கு இடும் பூட்டு.

எக்செலில் இந்தப் பூட்டு அமைந்துள்ள விதம் சற்று விசித்திரமானது. புதிதாகத் திறக்கும் தாளின் ஒவ்வொரு கட்டமும் பூட்டப்பட்டது என்னும் குறியோடுதான் பிறக்கிறது. கன்ட்ரோல் விசையோடு 1 என்னும் விசையை அழுத்தி, 'புரொடெக்ஷன்' என்னும் பகுதியைப் பார்த்தால் இது விளங்கும். ஆனால் 'ரிவ்யூ' பட்டியில் 'புரொடெக்ட் ஷீட்' என்பதை ஆணையிடும் வரை அந்தக் குறிக்கு வலிமை கிடையாது. புதுவீட்டின் எல்லாக் கதவுகளிலும் தாழ்ப்பாள் இருப்பது போலவும், வாசற்கதவின் சாவியைத் திருப்பியதும் அனைத்தும் ஒருசேர விழுந்துவிடுவது போலவும் இதனை எண்ணிக்கொள்ளலாம். ஆகவே படிவத்தை உருவாக்குபவர், நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஒவ்வொன்றின் பூட்டையும் முன்கூட்டியே நினைவாக நீக்கிய பின்னரே தாளைப் பாதுகாக்க வேண்டும். ஒரு கட்டத்தை மறந்தாலும் அது மூடிக்கொள்ளும். ஐம்பது பணியாளர்களுக்கு என்று ஐம்பது வரிகளைத் திறந்துவைத்த படிவத்தில், ஐம்பத்தோராவது பணியாளரைச் சேர்க்க முயல்பவர் சந்திப்பது யாரும் வேண்டுமென்றே இட்ட தடையை அன்று. அப்படி ஒருவர் வருவார் என்று படிவக்காரர் நினைக்காததுதான் அங்கே சுவராக நிற்கிறது.

எழுத மறுக்கும் கட்டம் ஒவ்வொன்றும் தாள் பாதுகாப்பால் மறுக்கிறது என்று கொள்வதும் பிழை. இதில் பலர் காலத்தை வீணாக்குகிறார்கள். திரையில் தோன்றும் வாசகத்தைப் படிக்காமலே மூடிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வாசகத்திலேயே பாதி விடை அடங்கியிருக்கும். தாளின் மேல் மஞ்சள் பட்டை ஒன்று நீண்டு, 'புரொடெக்டெட் வியூ' என்று சொல்லுமாயின், கோப்பு மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்தது என்பதால் எக்செல் அதைத் தொலைவில் நிறுத்திக் காட்டுகிறது என்று பொருள். 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இவ்வழக்கம் உண்டு. அனுப்பியவர் யார் என்பது உறுதியானால் 'எனேபிள் எடிட்டிங்' என்பதை அழுத்தினால் போதும். உறுதியாகவில்லை என்றால் அழுத்தாமல் இருப்பதே நன்று.

கோப்பின் பெயருக்கு அருகில் 'ரீட் ஒன்லி' என்றிருந்தால், அலுவலகத்தில் மற்றொருவர் அதே கோப்பைத் திறந்துவைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றிருக்கக்கூடும். அவர் மூடியதும் உங்களுக்குத் திறக்கும். 'மார்க்ட் அஸ் ஃபைனல்' என்ற பட்டை தோன்றினால், இதுவே இறுதி வடிவம் என ஒருவர் முத்திரையிட்டிருக்கிறார். அதன் அருகிலேயே 'எடிட் எனிவே' என்னும் பொத்தானும் இருக்கும். அது தடையைவிட வேண்டுகோளுக்கே நெருக்கமானது. மேல்விளிம்பில் 'அன்லைசென்ஸ்டு' என்னும் சொல் தென்பட்டால் படிவத்தில் குற்றமில்லை. மென்பொருளின் சந்தா காலாவதியாகியிருக்கிறது. அந்நிலையில் கோப்பைப் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த இயலாது. கூகுள் ஷீட்ஸில் பார்வையிடும் உரிமை மட்டும் தரப்பட்டிருந்தாலும் இதே கதைதான். உரிமையாளரிடம் அனுமதி கோரும் பொத்தானை அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

வேறு சில மறுப்புகள் கணக்கின் இயல்பால் எழுபவை. பல கட்டங்களுக்கு ஒரே சூத்திரத்தைச் சேர்த்து எழுதியிருந்தால் அதில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற எக்செல் இணங்காது. பிவட் அட்டவணையின் கூட்டுத்தொகையை நேரடியாகத் திருத்த முடியாது. அதற்கு மூலமான பட்டியலைத் திருத்தி, அட்டவணையைப் புதுப்பிக்க வேண்டும். இவற்றையெல்லாம் பூட்டு என்று அழைப்பதுகூடப் பொருந்தாது. ஒரு மொத்தத்தின் கூறுகளைத் தொடாமல் மொத்தத்தை மட்டும் மாற்ற விரும்புவோரிடம் எந்தக் கணக்கரும் சொல்லக்கூடிய மறுமொழிதான் அது.

இன்னொரு வகை மறுப்பு உண்டு. கட்டம் திறந்தே இருக்கும், எழுதவும் விடும். எழுதி முடித்து அடுத்த கட்டத்துக்குச் செல்லும்போது, இங்கே இடுவதற்கென வகுத்த விதிக்கு இம்மதிப்பு பொருந்தவில்லை என்று திருப்பியனுப்பும். வங்கிப் படிவங்களில் மிகவும் பயன்படுவது இதுவே. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டை எடுத்துக்கொள்வோம். அது 11 எழுத்துருக்களைக் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் ஆங்கிலத்தின் 'ஓ' எழுத்தைத் தட்டுவோர் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். விதியுள்ள கட்டம் அதை அக்கணமே மறுத்துவிடும். விதியற்ற கட்டம் ஏற்றுக்கொண்டு, மறுநாள் வங்கியின் கணினி முழுப் பட்டியலையும் நிராகரிக்கும் வரை வாய் திறக்காது. உடனே மறுக்கும் கட்டத்தின்மீது நமக்கு வரும் எரிச்சல், உண்மையில் நன்றியாக மாற வேண்டிய எரிச்சல்.

இனி, முதலில் குறிப்பிட்ட அந்தச் சுற்றுவழிக்கு வருவோம். என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது அதுதான்.

மும்பையிலோ புனேயிலோ உள்ள ஒரு குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளரை எண்ணிக்கொள்ளுங்கள். காவலர்கள், துப்புரவாளர்கள், மின்தூக்கி இயக்குபவர் என்று பதினைந்து பேருக்கு ஊதியம் அனுப்ப வேண்டும். வங்கி தந்த படிவத்தில் கணக்கு எண் இடும் நெடுவரிசையின் அமைப்பை மாற்ற முடியவில்லை. நெடுவரிசையை அகலமாக்கவும் முடியவில்லை. பொறுமையிழந்து, பழைய பட்டியலிலிருந்து அனைத்தையும் புதிய தாளில் மீண்டும் தட்டுகிறார். இப்போது என்ன நிகழ்கிறது? வங்கியின் படிவத்தில் அந்த நெடுவரிசை 'டெக்ஸ்ட்' என, அதாவது எழுத்து வடிவமாக, அமைக்கப்பட்டிருந்தது. புதிய தாளுக்கு அது தெரியாது. கணக்கு எண்ணை ஒரு கூட்டல் எண்ணாகவே எக்செல் எடுத்துக்கொள்கிறது. எண்ணின் முன்னால் வரும் பூஜ்யத்துக்குக் கணிதத்தில் மதிப்பில்லை என்பதால் அதை நீக்கிவிடுகிறது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே நினைவில் வைத்திருக்கும். இந்தியாவில் 16 இலக்கக் கணக்கு எண்களைக் கொண்ட வங்கியும் உண்டு. அத்தகைய எண்ணின் கடைசி இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யமாகிவிடும். ஒருமுறை அழிந்த அந்த இலக்கத்தை, பின்னர் கட்டத்தின் அமைப்பை மாற்றுவதால் மீட்டெடுக்க இயலாது; மூலத்தைப் பார்த்து மீண்டும் தட்டியே ஆக வேண்டும்.

12 இலக்க எண்ணுக்கு நேர்வது வேறு. பொது அமைப்பில் உள்ள கட்டம் அதைச் சுருக்கி, நடுவில் ஒரு புள்ளியும் 'இ' எழுத்தும் கொண்ட அறிவியல் குறியீடாகக் காட்டும். எக்செல் கோப்பாக வைத்திருக்கும் வரை உள்ளே முழு எண்ணும் இருக்கும். வங்கியின் இணையதளம் கேட்பதாலே அதை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தாலோ, திரையில் தெரிந்த சுருக்கமே கோப்பில் எழுதப்படும். தேதியும் இவ்வாறே தடுமாறும்: ஏப்ரல் 3 என்று நாம் எழுதியதை, அமெரிக்க முறையில் அமைந்த கணினி மார்ச் 4 என்று படிக்கும்.

நம் நாட்டில் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். போன்ற மின்வழிப் பணமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொண்டு பணம் வரவு வைக்கப்படும். பெயர் பொருந்துகிறதா என்று பெறும் வங்கி நிறுத்திப் பார்ப்பதில்லை. இக்குறையைத் தீர்க்க, கணக்கு எண்ணை இட்டதும் பெறுநரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வழங்குமாறு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் காட்டப்படும் பெயரைப் படித்துப் பார்ப்பவர் அனுப்புபவர்தான். பெரும்பாலும் சிதைந்த எண் எந்தக் கணக்கோடும் பொருந்தாமல் பணம் திரும்பிவிடும். அப்போதும் காவலரின் வீட்டுக்கு ஊதியம் நான்கு நாள் தாமதமாகும். அந்தச் சிதைந்த எண் வேறொருவரின் உண்மையான கணக்காக அமைந்துவிட்டால், அப்பணத்தை மீட்க அந்த மனிதரின் சம்மதம் வேண்டி நிற்க நேரிடும். அந்த நெடுவரிசையைப் பூட்டியவர் எதை அஞ்சிப் பூட்டினார் என்பது இப்போது விளங்கும். அதை அவர் படிவத்தின் தலையில் ஒரு வரியாக எழுதியிருந்தால், பொருளாளர் புதிய தாளைத் திறந்திருக்கமாட்டார்.

மற்றொரு சுற்றுவழி இதனினும் கெட்டது. பூட்டிய எக்செல் கோப்பைத் திறந்து தருவதாகச் சொல்லும் இணையதளங்கள் தேடியவுடன் வந்து குவியும். கோப்பை அங்கே ஏற்றினால் பூட்டு நீங்கிய கோப்பு திரும்பி வரும். ஏற்றிய கோப்பில் பதினைந்து பேரின் பெயர், கணக்கு எண், ஊதியம், சில வேளைகளில் பான் எண்ணும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. அவற்றை எவ்வளவு காலம் எங்கே வைத்திருப்பார்கள் என்பதற்கு யாரும் பிணை நிற்பதில்லை. ஒரு நெடுவரிசையை அகலமாக்க இவ்வளவு பெரிய விலையா?

மேக்ரோ என்னும் தானியங்கிக் கட்டளைகளைக் கொண்ட படிவங்களிலும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஜி.எஸ்.டி. ஆண்டறிக்கைக்கான எக்செல் கருவி போன்றவை மேக்ரோ இல்லாமல் இயங்கா. 2022-ஆம் ஆண்டு முதல் இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவருகிறது; சிவப்புப் பட்டை தோன்றும், பொத்தான்கள் உயிரற்று நிற்கும். அரசின் 'கவ்.இன்' என முடியும் தளத்திலிருந்து நீங்களே இறக்கிய கோப்பு எனில், கோப்பின்மீது வலது சொடுக்கி, 'புராப்பர்ட்டீஸ்' சென்று 'அன்பிளாக்' என்பதைத் தேர்ந்து தடையை நீக்கலாம். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'அதே' கருவி எனில் நீக்கலாகாது. வங்கிகளும் 'பேங்க்.இன்' என முடியும் முகவரிகளுக்கு மாறுமாறு ரிசர்வ் வங்கி பணித்ததன் நோக்கம், உண்மையான வாசலை வாடிக்கையாளர் ஒரு பார்வையில் அடையாளம் காண வேண்டும் என்பதே. படிவத்தை அந்த வாசலிலிருந்து நேராகப் பெறுவது, வந்த படிவத்தை ஆராய்வதைவிட எளிது.

பூட்டுக்கு இல்லாத ஆற்றலை அதற்கு ஏற்றிச் சொல்வதும் கூடாது. தாளுக்கு இடும் கடவுச்சொல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு அன்று என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே கூறுகிறது. தற்செயலான கைத்தவறைத் தடுப்பதே அதன் பணி. தெரிந்தவர் சில நிமிடங்களில் அதை நீக்கிவிடுவார். கோப்பைத் திறப்பதற்கே இடும் கடவுச்சொல் வேறு வகை. அது உள்ளடக்கம் முழுவதையும் மறைகுறியாக்கிவிடும். மறந்துபோனால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர இயலாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, ஊதிய விவரங்களை மறைக்கத் தாள் பூட்டை மட்டும் நம்பும் நிறுவனங்கள் உள்ளன. அதேபோல், ஒருவர் தரும் இருப்புக் கணக்கோ வரவு செலவுத் தாளோ பூட்டியிருப்பதாலேயே உண்மையானது என நம்புவோரும் உள்ளனர். பொய்யை எழுதிவிட்டும் பூட்டலாமே!

பிழையைப் பூட்டினால் பிழை பத்திரமாக இருக்கும் என்பதற்குப் பொருளியல் உலகில் நன்கறியப்பட்ட நிகழ்வு ஒன்று துணையாகும். கார்மன் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் புகழ்பெற்ற பொருளியலாளர் இருவர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு நாட்டின் அரசுக் கடன் அதன் மொத்த உற்பத்தியில் 90 விழுக்காட்டைக் கடந்தால் வளர்ச்சி பெரிதும் சரியும் என்றது. பல நாடுகளின் சிக்கன வாதங்களில் அது சான்றாகக் காட்டப்பட்டது. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், அதே முடிவைத் தம் கணக்கில் வருவிக்க முயன்றார், வரவில்லை. ஆசிரியர்களிடம் அவர்களது எக்செல் கோப்பையே கேட்டுப் பெற்றார். சராசரி காணும் சூத்திரம், 20 நாடுகளைச் சேர்க்க வேண்டிய இடத்தில் ஐந்து நாடுகளின் வரிகளை எட்டாமல் நின்றுவிட்டதைக் கண்டார். ஆய்வில் அவரும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் சுட்டிக்காட்டிய குறைகளுள் இது ஒன்று. தரவுகளைத் தேர்ந்ததிலும் எடையிட்டதிலும் வேறு பெரிய குறைகளும் இருந்தன. அனைத்தையும் திருத்தியபோது, மைனஸ் 0.1 விழுக்காடு என்றிருந்த சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடானது. இதில் நான் கவனிப்பது ஒன்றே. அந்தக் கட்டத்தைச் சொடுக்கினால் சூத்திரம் தெரிந்தது. எக்செலில் பூட்டும் குறிக்குக் கீழேயே 'ஹிடன்' என்று மற்றொரு குறி உண்டு; அதைத் தேர்ந்து தாளைப் பாதுகாத்தால் விடை மட்டும் தெரியும், சூத்திரம் தெரியாது. அது அங்கே இடப்பட்டிருந்தால் மாணவரின் கண்ணில் அப்பிழை அவ்வளவு எளிதில் பட்டிருக்காது.

ஆகவே பூட்டுங்கள், மறைக்காதீர்கள் என்று படிவம் உருவாக்குவோரை வேண்டுவேன். கடன் தவணையைக் கணக்கிடும் தாளை வாடிக்கையாளருக்கு அனுப்பும்போது, சூத்திரத்தை அவர் கெடுத்துவிடாதபடி தடுப்பது நியாயம். அதை அவர் படிக்கவே கூடாது என்று தடுப்பதற்கு எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. அவருடைய கடன், அவருடைய வட்டி.

இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் நிகழ்ந்ததையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். கோவிட் தொற்றுற்றோர் விவரங்களைத் திரட்டிய பொதுச் சுகாதார அமைப்பு, பழைய எக்ஸ்.எல்.எஸ். வகைக் கோப்பைப் பயன்படுத்தியது. அவ்வகைத் தாள் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. புதிய வகையோ 10,48,576 வரிகள் கொள்ளும். நிரம்பிய தாள் மிகுதியை ஏற்காமல் விட்டுவிட, 15,841 தொற்றாளர்களின் விவரம் தினசரிக் கணக்கில் சேராமல் போயிற்று. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று. தன்னால் ஏற்க முடியாது என்று அந்தக் கோப்பு உரக்கச் சொல்லியிருந்தால் ஒருவராவது திரும்பிப் பார்த்திருப்பார்.

அப்படியாயின் எல்லாக் கட்டங்களையும் திறந்துவிடலாமா? திறந்துவிட்டால் நூறு பேர் நிரப்பும் படிவம் நூறு வடிவங்களில் திரும்பிவரும் என்று கிளை அலுவலர் அஞ்சுவது பொய்யன்று. ஒருவர் நெடுவரிசையைச் சேர்ப்பார். ஒருவர் தலைப்பைத் தமிழாக்குவார். ஒருவர் கட்டங்களை இணைத்துத் தம் சங்கத்தின் பெயரை நடுவில் அழகாக எழுதுவார். அந்தக் கோப்பைப் படிக்க வேண்டிய கணினிக்கு அழகு தெரியாது. எனவே பூட்டு வேண்டும். ஆனால் அது பேச வேண்டும். நிரப்பும் கட்டங்கள் ஒரே நிறத்தில் இருக்கட்டும். முதல் தாளில் எவை பூட்டப்பட்டுள்ளன, ஏன், கூடுதல் வரி வேண்டுமெனில் யாரை அணுகுவது என்பது நான்கு வரிகளில், வாடிக்கையாளரின் மொழியில் இருக்கட்டும். பூட்டிய தாளிலும் நெடுவரிசையின் அகலத்தை மாற்ற அனுமதிக்கும் தேர்வு, தாளைப் பாதுகாக்கும்போதே எக்செல் கேட்கும் பட்டியலில் உள்ளது. அதை ஒருமுறை தேர்ந்தால் போதும். கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தச் சிறு பெட்டியை எத்தனை படிவக்காரர்கள் கண்டிருப்பார்களோ!

பழைய பேரேடுகளில் பூட்டு இருந்ததில்லை. எழுத்தர் ஓர் எண்ணைத் திருத்த நேர்ந்தால் பழையதை ஒரே கோட்டால் அடிப்பார், மேலே புதியதை எழுதுவார், அருகில் சுருக்கொப்பமிடுவார். அடித்த எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது மரபு. சுரண்டி அழித்தால்தான் குற்றம். காசோலையில் மட்டும் அம்மரபு இன்று செல்லாது. படிம வழித் தீர்வு முறை வந்த பின் தொகையிலோ பெறுநர் பெயரிலோ திருத்தம் செய்த காசோலை ஏற்கப்படுவதில்லை, புதியதுதான் எழுத வேண்டும். ஆனால் நிறுவனங்களின் கணக்குப் பதிவில் சட்டம் பேரேட்டின் வழியையே பின்பற்றியிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிவு செய்ய வேண்டும். அப்பதிவை நிறுத்திவைக்கும் வசதி இருத்தல் கூடாது. மாற்றாதே என்று சட்டம் சொல்லவில்லை. மாற்றினால் தடம் இருக்கட்டும் என்கிறது. சிறு சங்கமோ கடையோ வைத்திருக்கும் பொதுக் கோப்புக்கும் இது உகந்த வழி. கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டத்தை வலது சொடுக்கினால் அதன் திருத்த வரலாறு தெரியும். எக்செலின் புதிய பதிப்புகளில் 'ஷோ சேஞ்சஸ்' 60 நாள் வரையிலான மாற்றங்களைச் செய்தவர் பெயரோடு காட்டும். நான்கு பேர் சேர்ந்து கணக்கு எழுதும் இடத்தில், ஒருவரிடம் மட்டும் கடவுச்சொல்லைக் கொடுத்து மற்ற மூவரையும் ஐயுறுவதைவிட இது மேலான ஏற்பாடு. கடவுச்சொல் வைத்திருந்தவர் பணி மாறிச் சென்ற பின் கோப்பே அனாதையாவதும் இதனால் தவிரும்.

அடுத்த முறை வங்கிப் படிவத்தில் ஒரு கட்டம் திறக்க மறுத்தால், கிளைக்கு எழுதும் மின்னஞ்சலில் அந்தக் கட்டத்தின் முகவரியை, 'டி 52' என்பது போலக் குறிப்பிடுங்கள். திரையில் வந்த அறிவிப்பை முழுமையாக எழுதுங்கள், அல்லது வாடிக்கையாளர் விவரம் தெரியாதபடி அதைப் படமெடுத்து இணையுங்கள். படிவத்தை எங்கிருந்து, எந்த நாளில் பெற்றீர்கள் என்பதையும், அங்கே என்ன எழுத விரும்பினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் கேட்காதீர்கள், திருத்திய படிவத்தைக் கேளுங்கள். நிரப்பிய பட்டியலை இணைக்க வேண்டாம், வெற்றுப் படிவமே போதும். புதிய படிவம் வந்ததும், பழைய பட்டியலிலிருந்து ஒட்டும்போது 'பேஸ்ட் வேல்யூஸ்' என்னும் முறையில் ஒட்டுங்கள். பின்பு முதல் கணக்கு எண்ணையும் கடைசிக் கணக்கு எண்ணையும் பாஸ்புக்கின் நகலோடு ஓர் இலக்கமும் விடாமல் ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள்.